லைட் கம்பத்துக்குத் தாலி கட்டியவனும் இன்னும் சில கட்சிக்காரர்களும்

விவாகரத்து வக்கீலிடம் வருகிறவர்கள் கோபத்தோடு வருவார்கள், சொத்து வக்கீலிடம் வருகிறவர்கள் பத்திரக் கட்டோடு வருவார்கள், ராகிங் கேஸ் வக்கீலிடம் வருகிறவர்கள் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அங்கிள் என்று ஒரு வேன் நிறைய ஆட்களோடு வருவார்கள். என் ஆபீஸ் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே இருக்கிறது. நாற்காலி போதாமல் கீழே ஓடிப்போய் தையல்காரரின் ஸ்டூலை இரவல் வாங்கி வருவது என் குமாஸ்தா மஞ்சுநாத்தின் அன்றாட வேலைகளில் ஒன்று.

இதற்கென்று நான் படித்து வரவில்லை. வாடகைத் தகராறு, செக் பவுன்ஸ் என்று போய்க்கொண்டிருந்தவள்தான். ஒரு ராகிங் கேஸை எடுத்து ஒழுங்காக முடித்துக் கொடுத்தேன். அந்தப் பையனின் அம்மா சந்தோஷத்தில் என் நம்பரைத் தனக்குத் தெரிந்த எல்லா வாட்ஸப் குரூப்பிலும் போட்டுவிட்டார். அதோடு என் தலையெழுத்து மாறியது. பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்து, போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம் என்று உட்கார்ந்திருக்கும் சக பெற்றோர்களே, எனக்கும் ஒரு மகள் ஹாஸ்டலில்தான் இருக்கிறாள். ஆகையால் சிரித்தால் சேர்ந்தே சிரிப்போம். பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர்கள் சொன்னதை மாற்றவில்லை.

மூன்று முடிச்சு

சந்தாபுராவிலிருந்து கமலா என்று ஓர் அம்மா வந்தார். கார்மெண்ட்ஸில் வேலை. மகன் இன்ஜினியரிங் முதல் வருடம். சீனியர்கள் அவனை வேட்டி கட்ட வைத்து, ஹாஸ்டல் வாசலில் இருக்கும் லைட் கம்பத்துக்குத் தாலி கட்ட வைத்திருக்கிறார்கள். ஒருவன் வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தானாம். இன்னொருவன் ஐயர். அதற்கப்புறம் தினமும் சாப்பிடப் போகுமுன் கம்பத்திடம் போய் "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். கேட்கிறபோது எனக்கே உதடு துடித்தது. ஆனால் பையன் போனில் அழுதிருக்கிறான், சாப்பிடப் போவதையே நிறுத்திவிட்டான் என்று அந்த அம்மா சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

அடித்தால்தான் ராகிங் என்று இல்லை, நாலு பேர் முன்னால் வைத்து அவமானப்படுத்தினாலும் ராகிங்தான் என்று அவருக்கு விளக்கினேன். காலேஜில் இதற்கென்றே ஒரு கமிட்டி இருக்க வேண்டும், புகார் எழுதிக் கொடுத்தால் விசாரித்தே ஆக வேண்டும், விஷயம் குற்றமாக இருந்தால் போலீசுக்குச் சொல்வதும் காலேஜின் கடமை என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஏதோ ஒரு சந்தேகம் மட்டும் அவர் முகத்தில் நின்றுகொண்டே இருந்தது. "என்னம்மா, தயங்காமக் கேளுங்க" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"பையன் ஜாதகத்துல ரெண்டு தாரம்னு போட்டிருக்கு மேடம். இது ஒண்ணு கழிஞ்சதா வெச்சுக்கலாமா?"

பெயர் சொல்ல விரும்பாதவர்

ராகிங் புகார் சொல்ல தேசிய ஹெல்ப்லைன் ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பிள்ளைக்கு அப்புறம் தொல்லை வருமோ என்று பயப்படும் பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல். ஒரு வங்கி அதிகாரியிடம் இதைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை. ஆபீஸ் கதவைச் சாத்தச் சொன்னார். ஜன்னலையும் சாத்தச் சொன்னார். மஞ்சுநாத்தை வெளியே அனுப்பச் சொன்னார். அப்புறம்தான் ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டு, பெயர் சொல்லாமல், கிசுகிசுவென்று புகார் கொடுத்தார்.

அடுத்த நாள் காலையில் என் மகளே எனக்கு ஒரு வாட்ஸப் மெசேஜை ஃபார்வர்டு பண்ணினாள். முழுப் புகாரும் அதில் இருந்தது. கீழே மனிதரின் பெயர், பதவி, பையனின் ரூம் நம்பர் எல்லாம் இருந்தன. அவர்கள் அபார்ட்மெண்ட் குரூப், குடும்ப குரூப், பையனின் காலேஜ் பெற்றோர் குரூப் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு என் மகளிடம் வந்திருக்கிறது. பதறிப்போய் அவருக்குப் போன் பண்ணினேன். அவருக்கு என் மேல்தான் வருத்தம்:

"மெசேஜ் கடைசியில 'யாருக்கும் சொல்லாதீங்க'ன்னு போட்டிருக்கேனே, நீங்க அது வரைக்கும் படிக்கலையா மேடம்?"

ஓஹியோ

நர்சிங் படிக்கும் ஒரு பெண்ணை, சீனியர்கள் தங்கள் துணியையெல்லாம் துவைக்க வைத்திருக்கிறார்கள். அதுவும் ராகிங்தான். ஆனால் என்னிடம் வருவதற்குள் அவளுடைய தாய்மாமா பாலாஜி களத்தில் இறங்கிவிட்டார். வேலூர்க்காரர், எலக்ட்ரானிக் சிட்டியில் ஐடி வேலை. "எதுக்கு வக்கீல்? நானே பார்த்துக்கறேன்" என்று போனில் இருக்கும் ஏஐயிடம் ஒரு நோட்டீஸ் எழுதி வாங்கி, பிரின்சிபாலுக்கு அனுப்பிவிட்டார். அருமையான இங்கிலீஷ். ஒரே ஒரு குறை, அதில் சொல்லியிருந்த சட்டமெல்லாம் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துச் சட்டம். ஓஹியோ கோர்ட்டில் ஆஜராகத் தயாராக இருக்கும்படி பிரின்சிபாலை எச்சரித்திருந்தார்.

பிரின்சிபால் பயந்துபோய், "எங்கள் கல்லூரிக்கு ஓஹியோவில் கிளை எதுவும் கிடையாது" என்று பதில் அனுப்பியிருந்தார். இரண்டையும் எடுத்துக்கொண்டு பாலாஜி என்னிடம் வந்தார். நம் ஊர் விதியே இதற்கு நன்றாகப் போதும், ஹாஸ்டலை விட்டு வெளியேற்றுவது, சஸ்பெண்ட் பண்ணுவது, காலேஜை விட்டே நீக்குவது வரை அதில் இருக்கிறது என்று பொறுமையாகச் சொன்னேன். கடல் தாண்டிப் போக வேண்டாம், கல்லூரி கமிட்டிக்குப் போனால் போதும் என்றேன். நோட்டீஸைப் பிரிய மனமில்லாமல் தடவிக்கொண்டே பாலாஜி கேட்டார்:

"அப்போ இங்க ஒண்ணு, ஓஹியோல ஒண்ணுன்னு ரெண்டாப் போட்டுடலாமா மேடம்?"

தவளை

இனிமேல் சொல்லப்போவது எல்லாம் ஒரே குடும்பத்தைப் பற்றியது. செல்வம் ஈஜிபுராவில் தண்ணி டேங்கர் ஓட்டுகிறவர். அவர் மகன் பிரகாஷை, ஹாஸ்டல் காரிடாரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தவளை மாதிரித் தாவ வைத்திருக்கிறார்கள். முட்டி இரண்டும் தோல் உரிந்து சீழ் வைத்துவிட்டது. பையன் வீட்டுக்கு வந்து, "காலேஜ் வேணாம்ப்பா, நானும் டேங்கர் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான். காலேஜில் கேட்டால், "நாங்க விசாரிக்கிறோம், போலீசுக்குப் போகாதீங்க" என்றார்கள். அப்படி யாரும் தடுக்க முடியாது. காலேஜ் விசாரணை ஒரு பக்கம், போலீஸ் ஒரு பக்கம், இரண்டும் தனித்தனியாக நடக்கலாம். செல்வத்தைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன்.

காலேஜ் எங்கள் எல்லையில் வராது என்று ரைட்டர் முதலில் தட்டிக் கழித்தார். எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். பதிவு பண்ணி, அப்புறம் உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பலாம் என்று நான் சட்டத்தைச் சொன்னதும் பெருமூச்சு விட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "தவளை மாதிரின்னா எப்படி? குந்திக்கிட்டா, கையை ஊணியா?" என்று கேட்டார். செல்வம் கன்னடத்தில் சொல்லிப் பார்த்தார், தமிழில் சொல்லிப் பார்த்தார். ரைட்டருக்கு விளங்கவில்லை. செல்வத்துக்குப் பொறுமை போய்விட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி, ஸ்டேஷனின் ஒரு மூலையிலிருந்து தாவ ஆரம்பித்தார். மனிதர் நல்ல ஆகிருதி. ஒவ்வொரு தாவலுக்கும் மேஜை அதிர்ந்தது. "வக்கீல் மேடம், எழுதறாரா பாருங்க!" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கத்தினார்.

சரியாக அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். கோலார் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். தன் பூட்ஸுக்கு முன்னால் வந்து நின்ற செல்வத்தைப் பார்த்தார், அப்புறம் ரைட்டரைப் பார்த்தார்:

"ஏன்ரீ, ராகிங் கம்ப்ளெய்ண்ட் கொடுக்க வந்தவரையே ராகிங் பண்றீங்களா?"

கோரம்

எஃப்.ஐ.ஆர். பதிவானதும் காலேஜுக்குத் திடீரென்று சுறுசுறுப்பு வந்துவிட்டது. ராகிங் தடுப்புக் கமிட்டியைக் கூட்டினார்கள். வைஸ் பிரின்சிபால் தலைமை. "எங்க காலேஜ்ல ராகிங்கே கிடையாது மேடம், வெறும் இன்டராக்‌ஷன்தான்" என்று ஆரம்பித்தார். விளையாட்டுக்குச் செய்தோம் என்பதெல்லாம் இதில் சாக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு, பையனின் முட்டிப் போட்டோவை மேஜையில் வைத்தேன். இன்டராக்‌ஷன் என்ற வார்த்தையை அவர் அதற்கப்புறம் சொல்லவில்லை.

"சரி, தாவ வெச்சது யாரு?" என்று கேட்டார்கள். பிரகாஷ் தலையைக் குனிந்தபடியே இருந்தான். செல்வம் அவன் முதுகில் கை வைத்ததும், "தருண்" என்றான். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் தங்கள் முன்னால் இருந்த காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. அந்தக் கமிட்டியில் பெற்றோர், மாணவர் தரப்பிலும் ஆட்கள் இருக்க வேண்டும் என்பது விதி. கோரம், அதாவது குறைந்தபட்சம் இத்தனை பேர், இல்லாவிட்டால் கூட்டமே செல்லாது என்பதும் விதி. மேஜையின் கடைசியில், 'ராகிங் ஒழிப்போம்' என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டு, பிஸ்கட் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்த மாணவர் பிரதிநிதிதான் தருண். குற்றம் சாட்டப்பட்டவரே விசாரிக்கிறவர் வரிசையில் எப்படி உட்காரலாம் என்று நான் குரலை உயர்த்தினேன். தருண் எழுந்தான். கதவு வரைக்கும் போனான். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான், ரொம்பப் பணிவாகச் சொன்னான்:

"சாரி மேடம், நான் போனா கோரம் இருக்காது."

சர்க்குலர்

வேறொரு மாணவனை அவன் இடத்தில் உட்கார வைத்து விசாரணையை முடித்தார்கள். தருணுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் சஸ்பென்ஷன். ஹாஸ்டல் பக்கமே வரக்கூடாது. போலீஸ் கேஸ் தன் வழியில் தனியாக நடக்கும். இனி என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கக் குடும்பம் முழுக்க என் ஆபீஸுக்கு வந்தது. அம்மா லட்சுமிக்கு டி.சி. வாங்கி வேறு காலேஜில் சேர்த்துவிட வேண்டும். செல்வத்துக்கு எல்லோர் முன்னாலும் தருண் ஒரு தடவை தவளை மாதிரித் தாவ வேண்டும். "அதைச் சட்டம் ஒத்துக்காது செல்வம், அப்புறம் உங்க மேல வர்ற கேஸையும் நான்தான் நடத்தணும்" என்றேன். கூட வந்த சித்தப்பாவுக்கு, காலேஜிடம் நஷ்ட ஈடு கேட்க வேண்டும். அதற்கு சிவில் கோர்ட் இருக்கிறது, காலேஜ் தன் கடமையைச் செய்யவில்லை என்று ஹைகோர்ட்டுக்கும் போகலாம், எதையும் இன்றைக்கே முடிவு பண்ண வேண்டியதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அவரவர் பேச்சு அவரவருக்கு. மஞ்சுநாத் டீ கொடுத்தபடியே ஸ்டூலில் இருந்த பிரகாஷைப் பார்த்து, "நீ ஏன்ப்பா சும்மா குந்தினு இருக்க, உனக்கு ஏனு பேக்கு, என்ன வேணும்?" என்று தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். அப்போதுதான் அவனை யாருமே எதுவும் கேட்கவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

"அந்தப் பேரு போகணும்" என்றான் பிரகாஷ். சீனியர்களின் லேப் ரெக்கார்டையெல்லாம் அவன்தான் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டுமாம். அதனால் 'ஜெராக்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பசங்கள் ஆரம்பித்தது, கேன்டீன்காரர், செக்யூரிட்டி, கடைசியில் லெக்சரர் வரை போய்விட்டது. காலேஜ் கொடுத்த ஆர்டரை எடுத்துப் பார்த்தேன். அதிலேயே, 'பாதிக்கப்பட்ட மாணவர் பிரகாஷ் அலியாஸ் ஜெராக்ஸ்' என்றுதான் அடித்திருந்தார்கள், ரவுடி பெயரைப் போடுகிற மாதிரி. "நீ இந்தக் காலேஜ்லயே படிக்கறியா?" என்றேன். "பேரு போச்சுன்னா படிக்கறேன் மேடம். அவங்கதானே தப்புப் பண்ணாங்க, நான் எதுக்குப் போகணும்?" என்றான். லட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டி.சி. பேச்சு அதோடு நின்றது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் ராகிங்தான் என்று காலேஜுக்கு எழுதினேன். ஆர்டரைத் திருத்தினார்கள். இனி யாரும் அவனை அப்படிக் கூப்பிடக் கூடாது என்று ஊழியர்கள் எல்லோருக்கும் சர்க்குலரும் போனது.

ஹாஸ்டலுக்குத் திரும்பும் நாளில் பையனை என் ஆபீஸுக்குக் கூட்டி வந்தார்கள். புது ரூம் தயாரா என்று கேட்க வார்டனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பிரகாஷ் பேசினான். வார்டன் நல்ல மனிதர், ஆர்வக்கோளாறு கொஞ்சம் அதிகம். "ஓ, நீயா! வாப்பா, ரூம் ரெடி. உன்னை இனிமே ஜெராக்ஸ்னு கூப்பிடவே கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சர்க்குலர் வந்திருக்கு, நீ கவலையே படாத ஜெராக்ஸ்!" என்றார். செல்வம் வேகமாக எழுந்ததில் தையல்காரர் ஸ்டூல் கவிழ்ந்தது. லட்சுமி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பையன் முகத்தையே பார்த்தோம். பிரகாஷ் சிரித்தான். அவன் பல் வரிசையை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். போனைக் கையில் எடுத்து நிதானமாகச் சொன்னான்:

"சார், அந்தச் சர்க்குலர்ல என் பேரு என்னன்னு போட்டிருக்கோ, அதை ஒரு தடவ சத்தமாப் படிங்க சார்."

எங்கே புகார் கொடுக்கலாம், எந்தக் கோர்ட்டுக்குப் போகலாம் என்பதற்கெல்லாம் விதி வைத்தவர்கள், முதலில் பிள்ளையை உட்கார வைத்து என்ன வேண்டும் என்று கேளுங்கள் என்று ஒரு விதி வைக்க மறந்துபோனதால்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.