முகத்துவாரம் வெட்டக் கேட்ட பேச்சு

அன்று படுவான்கரையில் வரம்பே தெரியவில்லை. வாவியும் வயல் வட்டையும் ஒரே வெள்ளமாகக் கிடந்தன. வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைத்திருந்த மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு வடியும், நெல் பிழைக்கும். தாமதித்தால் அழுகிவிடும். வெட்டினால் வாவி இறாலும் தண்ணீரோடு போய்விடும் என்று மீனவர்கள் மறுத்தார்கள். இரு பக்கத்தையும் மாவட்டச் செயலகமான கச்சேரியில் கூட்டியிருந்தார்கள். விவசாய உத்தியோகத்தனான நான் பேசி மீனவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

பயிற்சியில் படித்தபடி பேச்சைத் தாள்களில் எழுதி அடுக்கியிருந்தேன். முதலில் எதிர்த்தரப்பின் மனக்குறையை அவர்களைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். பிறகு பதில், கடைசியில் கோரிக்கை. அந்த முதற்பகுதியில் என் கவிதைக் கிறுக்கு புகுந்துவிட்டது. வெறும் பாசியை இழுத்துக்கொண்டு கரையேறும் வலையைச் சொன்னேன். அடுப்பு மூட்டாமல் தோணி வரும் திசையைப் பார்த்திருக்கும் வீட்டைச் சொன்னேன். மீனவர்கள் எழுந்து கைதட்டினார்கள்.

விவசாயிகள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. "இவர் ஆருட ஆள் கா?"

எனக்கே விளங்கவில்லை. அவசரமாகப் பதிலுக்குத் தாவி, திரையில் ஸ்லைடை மாற்றினேன். மீனவர் சங்கத் தலைவர், என் வயதுக்காரர், எழுந்து கையைக் காட்டினார்.

"பொறுங்க சேர். நாங்க படுற பாட்ட இந்தக் கச்சேரிக்குள்ள ஒருத்தரும் இப்பிடிச் சொன்னதில்ல. வெட்டுங்க."

நான் இன்னும் பதில் சொல்லவில்லையே என்றேன்.

"அது வேணாம். நீங்க அதச் சொன்னா மறுகா நாங்க மறுத்துப் பேசணும். அவங்கட வயல் அழியிறது எங்களுக்குத் தெரியாதா?"

அன்று பின்னேரமே வெட்டினார்கள். மண்நிறத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்தது. வாசிக்காத தாள்கள் தூறலில் கையோடு நனைய, வென்றேனா என்று தெரியாமல் கரையில் நின்றேன். பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் என்னைப் பாராமலே சொன்னார்: "தண்ணி வடியுது, சந்தோசம். எண்டாலும் எங்கட வயலப் பத்தி நீங்க ஒரு சொல்லும் சொல்லல்லியே, சேர்."

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது, அந்தத் தாள்களில்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். எதிர்த்தரப்பின் குறையைச் சொல்லி முடித்ததும் பதிலுக்குத் தாவாதீர்கள், கொஞ்சம் நில்லுங்கள். எவ்வளவு நேரம் என்று என்னிடம் கேட்காதீர்கள். அன்று நான் நிற்கவில்லை, நிறுத்தப்பட்டேன்.