அனந்தபுரத்துக்கு இரண்டாவது வழி

வீட்டைப் பூட்டி வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, கேஸை மூடினேனா என்று இறங்கிப் போய்ப் பார்க்கிறவள் நான். ஒரு தரம் பார்த்தால் எனக்குப் போதாது. என் வீட்டுக்காரர் வண்டியை அணைக்கவே மாட்டார். "இன்னொரு தபா பாத்துட்டு வந்துடு, பாதி வழியில கேக்காத" என்பார். கிண்டல்தான். நானும் வெட்கமில்லாமல் இன்னொரு தபா பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

இப்படிப்பட்டவளை நம்பித்தான், செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி தன் ரவுட்டர்களை ஒப்படைத்திருந்தது. முதலாளி, கம்பம் ஏறுகிற இரண்டு பேர், நான், அவ்வளவுதான் ஆட்கள். சுற்று ஊர்களுக்குக் கேபிள் இழுத்து வீடுகளுக்கு லைன் கொடுப்பது தொழில். அந்த வருஷம் அனந்தபுரம் போகிற ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் இறங்கின இடமெல்லாம் எங்கள் கேபிள் அறுந்தது. ஒரே மாதத்தில் மூன்று தரம்.

மூன்றாவது தரம் அறுந்த மறுநாள் அனந்தபுரத்திலிருந்து ஒரு அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார். சண்டை போட வருகிறவர்களைச் சமாளிக்க எனக்குத் தெரியும். இவர் சண்டை போடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மெடிக்கல் கோடிங் வேலை. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படித்து நோய்க்கு ஒரு எண், வைத்தியத்துக்கு ஒரு எண் என்று போட வேண்டும். லைன் போய் வேலை நின்றதற்கு இரண்டு எச்சரிக்கை வாங்கியாகிவிட்டது.

"வர்ற வியாழக்கெழம ரெண்டு மணிக்கு டெஸ்ட்டு வெக்கிறாங்க. நடுவுல ரெண்டு நிமிஷத்துக்கு மேல லைன் போச்சின்னா அவ்ளோதான், வேலைய உட்டு அனுப்பிடுவாங்க. நைனாவுக்கு நெலத்துல மல்லாட்டை வெளஞ்சாதான் காசு. வீட்ல நெலையா வர்றது என் சம்பளம் ஒண்ணுதாம்மா."

"போவாதுக்கா. கேபிள் அறுந்தாலும் லைன் நிக்கிற மாதிரி பண்ணித் தரேன்" என்றேன்.

சத்தியம் பண்ணச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

வழி இல்லாமல் சொல்லவில்லை. எங்கள் மொட்டைமாடியிலிருந்து அனந்தபுரத்தில் ஒரு கடை மாடிக்கு, கம்பியில்லாத பழைய ரேடியோ இணைப்பு ஒன்று சும்மா கிடந்தது. அவலூர்பேட்டைப் பக்கம் என்றால் கோட்டை மலை மறைத்துக்கொள்ளும். இந்தப் பக்கம் மறைப்பில்லை. வழக்கமாக ரவுட்டர்களுக்கு வழி காட்டும் வேலையை ஓஎஸ்பிஎஃப் என்ற ஏற்பாடு பார்த்துக்கொள்கிறது. செஞ்சி ரவுட்டரும் அனந்தபுரம் ரவுட்டரும் பத்து நொடிக்கு ஒரு தரம் ஒன்றையொன்று இருக்கிறாயா என்று விசாரித்துக்கொள்ளும். நாற்பது நொடி பதில் இல்லை என்றால், கேபிள் வழி செத்தது என்று தன் வழிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். அந்த இடத்தில் வந்து நிற்க, ரேடியோ வழியை நான் கையால் எழுதி வைக்க வேண்டும். ஆனால் கையால் எழுதியதைத்தான் ரவுட்டர் முதலில் நம்பும். அதனால் அதற்கு இருநூறு என்று ஒரு பெரிய எண் கொடுப்போம். ஓஎஸ்பிஎஃப்புக்கு நூற்றுப்பத்து. எண் பெரிதானால் மதிப்புக் குறைவு. கேபிள் உயிரோடு இருக்கும்வரை இருநூறு வாய் திறக்காது.

இதில் என்னைப் போன்றவளுக்கு ஒரு இம்சை உண்டு. வாய் திறக்காத வழி பட்டியலில் தெரியவும் தெரியாது. வேலை செய்யுமா என்பது முதல் வழி சாகும்போதுதான் தெரியும். ஆபீசில் இருந்தபடியே அனந்தபுரம் ரவுட்டருக்குள் போய் எழுதிவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தரம் அதைத் திறந்து பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. முதலாளி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, போட்டுட்டேன்ற, ஒண்ணையும் காணமே" என்று இன்னும் கொஞ்சம் கிளறிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, ஜனங்கள் லைனைத் தேடுவதற்கு முன்னால், ஆபீசுக்குப் போய் கேபிளைப் பிடுங்கினேன். நாற்பது நொடியில் அனந்தபுரம் ரவுட்டரில் ஒளிந்திருந்த வரி பட்டியலுக்கு வந்தது. அந்த ரவுட்டரிலிருந்தே பிங் போட்டேன், அதாவது வெளியே ஒரு சின்னக் கேள்வி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தேன். வெளியுலகத்திலிருந்து வரிசையாகப் பதில் வந்தது. எங்கள் தொழிலில் பிங்குக்குப் பதில் வந்துவிட்டால் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணின மாதிரி. அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேஸை மூன்று தரம் பார்க்கிற நான், அன்றைக்கு ஒரே தரத்தோடு கேபிளைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு அனந்தபுரம் கேபிள் திரையில் சிவப்பானது. பொக்லைன்தான். ரேடியோ வழி சொன்னபடி வந்து நின்றது. பிங் போட்டேன், பதில் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது போன் அடித்தது.

"லைன் நின்னுடுச்சிம்மா."

"ஒங்க வீட்டு ரவுட்டர ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கக்கா."

எங்கள் கூட்டத்தின் கெட்ட பழக்கம் இது. நம் திரையில் பதில் வந்துவிட்டால் தப்பு வாடிக்கையாளர் வீட்டில்தான். மறுபடி கூப்பிட்டு, "பண்ணிட்டேன், வரல. மணி ஓடுதும்மா" என்றார். ஒயரைப் பிடுங்கிச் செருகச் சொன்னேன். அவர் செருகிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் பிங் போட்டது அனந்தபுரம் ரவுட்டரிலிருந்து. அது தன் ரேடியோ முகவரியைச் சொல்லிக் கேட்டது. ரேடியோவின் மறுமுனை செஞ்சி ரவுட்டரிலேயே இருப்பதால் பதில் நேராகப் போய்ச் சேர்ந்தது. அக்கா வீட்டு முகவரி அப்படி இல்லை. கேபிள் அறுந்ததும் அனந்தபுரம் வீடுகளுக்கான வழியை செஞ்சி ரவுட்டர் மறந்துவிட்டது. அக்கா அனுப்பியதெல்லாம் செஞ்சி வரைக்கும் வந்து, வெளியேயும் போய், பதில் மட்டும் வீடு திரும்பத் தெரியாமல் தொலைந்துகொண்டிருந்தது. போகிற வழியை எழுதினேன், வருகிற வழியை எழுதவில்லை. எழுத வேண்டிய ரவுட்டர் என் முழங்கை இடிக்கிற தூரத்தில் இருந்தது. ஒரே வரி. எழுதின உடனே லைன் வந்துவிட்டது. அதற்குள் பன்னிரண்டு நிமிஷம் போய்விட்டிருந்தது.

டெஸ்ட் தானாகவே மூடிக்கொண்டது. லைன் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம் வேண்டும், என்ன காரணம், திரும்ப நடக்குமா என்று சென்னையில் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் அக்கா வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வீங்கியிருந்தது. "ஒன்ன இன்னா சொல்றது, ரோடு போடறவன் அறுத்தா நீ இன்னா பண்ணுவ" என்றார்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பொக்லைன் இல்லை, என் தப்பு என்று முழுவதையும் சொன்னேன். அவர் மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"அப்ப ரவுட்டர ஆஃப் பண்ணச் சொன்னியே, அது?"

"தெரியாமதாங்க்கா சொன்னேன்."

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். "லெட்டர்ல பொக்லைன்னே போடு. நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா நாளைக்கு ஊரே வந்து நிக்கும்."

"பொக்லைன்னு போட்டா, அது நாளைக்கும் அறுக்கும்னு அந்த அக்காவ அனுப்பிடுவாங்க சார். என் தப்புன்னு எழுதினாதான் சரி பண்ணிட்டோம்னும் எழுத முடியும்."

குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, நான் எழுதினதை இரண்டு தரம் படித்து, உர்ரென்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

செவ்வாய்க்கிழமை மறு டெஸ்ட் கொடுத்தார்கள். அன்றைக்கு எந்த பொக்லைனும் எதையும் அறுக்கவில்லை. அக்கா இன்றுவரை அந்த வேலையில்தான் இருக்கிறார். ஆனால் எனக்கு மனதில் நிற்பது அன்று காலைதான். முதல் பஸ்ஸில் அனந்தபுரம் போய், மாதா படத்துக்குக் கீழே அவர் மேஜை போட்டிருந்த இடத்தில் நின்றேன். அவருடைய லேப்டாப்பில் ஏதோ சமையல் நிகழ்ச்சியை நேரலையில் ஓடவிட்டு, போனில் முதலாளியிடம் ஒட்டி வைத்திருந்த கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். படம் நின்றது. கரண்டி பாதியில் நிற்க, அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். முப்பதில் நானும் கூடச் சேர்ந்து எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்றில் கரண்டி அசைந்தது.

நான் மூச்சு விட்டேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தபா புடுங்கச் சொல்லு" என்றார்.