இன்னொரு ஹாஜியாரின் வேகம்

மோட்டார் வாகனம் ஒன்றில், அதன் பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள விவரத்துக்கு மாறாக ஏதாவது மாற்றம் செய்தால், உரிமையாளர் அதைத் தாமதமின்றி எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் அறிவிக்க வேண்டும். நிறத்தை மாற்றினால் அறிவிக்க வேண்டும். அரசாங்கக் கச்சேரியின் வாகனப் பிரிவில் இருந்தபடி இந்த விதியை முப்பது வருடங்களுக்கு மேலாகப் பிறருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். நீலக் காருக்கு வெள்ளைக் கதவு பூட்டியவரைக்கூடத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எஞ்சின் அப்படியே இருக்க, அதன் புத்தி மட்டும் மாறினால் என்ன செய்வது என்று அந்த விதி சொல்லவில்லை. அதை எழுதிய காலத்தில் எஞ்சின்களுக்குப் புத்தி இருக்கவில்லை.

என் டீசல் காருக்கு இருந்தது. ஓய்வுபெற்ற பின் வாங்கிய கார் அது. யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் எடுபட்டு, பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை வீதிக்குத் தார்க் காப்பெட் போட்டு முடித்திருந்தார்கள். ஆனால் என் கார் மட்டும், அடுத்த வளைவில் யாராவது மறித்து அடையாள அட்டை கேட்பார்கள் என்று நினைப்பதுபோல் தயங்கித் தயங்கித்தான் ஓடியது. கற்பிட்டி பஸ்ஸின் பின்புறத்தில் எழுதியிருந்த ஓதல் வாசகங்கள் எல்லாம் எனக்குப் பாடம். அதை ஒருநாளும் முந்தியதில்லை.

எஞ்சினின் கணினியை மாற்றி எழுதினால் டீசல் மிச்சமாகும் என்ற கதையை ஒரு கலியாண வீட்டில் கேட்டுக்கொண்டு வந்தவள் என் மனைவி. தமிழ் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கேட்ட கதையை விடமாட்டாள். அதனால் ஒரு காலையில் பாலாவிக்குத் தனியாகப் போனேன்.

அங்கே கராஜ் வைத்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தொண்ணூறில் மன்னாரிலிருந்து குடும்பத்தோடு விரட்டப்பட்டு வந்து, இங்கே படித்து, சார்ஜாவில் வேலை பழகித் திரும்பியவர். கையில் எண்ணெய்க் கறை இல்லாத மெக்கானிக்கை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகி, மறுமுனையை மடிக்கணினியில் பூட்டினார்.

"எஞ்சினக் கழட்டுற இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒரு ஆணிகூடக் கழட்டத் தேவையில்ல ஹாஜியார். வண்டி செஞ்ச கொம்பனிக்காரன் எல்லா நாட்டுக்கும் ஒரே கணக்குப் போட்டுத்தான் அனுப்புவான். கூடாத டீசல் அடிச்சாலும் எஞ்சின் தாங்கணும் எண்டு பலத்தில கொஞ்சத்தப் பூட்டி வெச்சிருப்பான். நான் பூட்டத் திறக்கிறன், அவ்வளவுதான்."

திரையைக் காட்டினார். எந்த வேகத்தில், எந்தக் கணத்தில், எவ்வளவு அமுக்கத்தில், எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று நிரை நிரையாக இலக்கங்கள். அதற்கு மெப் என்று பெயராம். எனக்கு அது அட்டவணை. அட்டவணையைக் கண்டதும் அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

"ஹாஜியாருக்கு ஓட்டமா, சிக்கனமா?"

"சிக்கனம். வீட்டில தீர்மானம் எடுத்தாச்சு."

"அப்ப எஞ்சின் மெதுவாச் சுத்தக்குள்ளயே இழுவை வரும். கியரக் கெதியா மாத்திட்டு மெதுவாப் போங்க. டீசல் குறையும்."

இங்கேதான் பிழை நடந்தது. எங்கள் பகுதியில் ஹஜ் செய்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை. கராஜ்காரர் மரியாதை தெரிந்தவர்; கணினியில்கூட எங்கள் பெயர்களை எழுதவில்லை. வாடிக்கையாளர் பட்டியலில் ஹாஜியார், அதற்குக் கீழே ஹாஜியார், அதற்கும் கீழே ஹாஜியார். முதல்நாள் ஓர் இறால் பண்ணை முதலாளி, அவரும் ஹாஜியார், என்னுடையதைப் போன்ற அதே காரைக் கராஜில் விட்டு, "ஓட்டம்" கேட்டுவிட்டுப் போயிருந்தார். அவருக்குச் செய்த மெப் என் காருக்குள் போனது. எனக்குச் செய்தது அவருடையதுக்குள் போனது.

அன்று இது ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், நுரைச்சோலை தாண்டியதும் கற்பிட்டி பஸ் முன்னால் போனதும், நான் பழக்கத்தில் காலை லேசாக அமர்த்தியதும், பஸ் கண்ணாடியில் பின்னால் தெரிந்ததும்தான். இடையில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியாது. கதிரையோடு என்னை யாரோ பின்னுக்குத் தள்ளினார்கள். தனியாக இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். வெங்காயத் தோட்டத்தில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பஸ் என்னைக் கடந்து போகும்வரை காரை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்து, அதே பஸ்ஸை இன்னொரு தரம் முந்தினேன்.

வேக எல்லையை நான் மீறவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எல்லைக்குப் போய்ச் சேரும் நேரம்தான் குறைந்தது. அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும்போது இறால் பண்ணை ஹாஜியார் பக்கத்தில் நின்று புலம்பினார்.

"என்ட வண்டி நோன்பு புடிச்சிக்கிட்டு ஈக்கி ஹாஜியார். டீசலும் குடிக்குதில்ல, உடம்புல தெம்பும் இல்ல."

அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. "சபூர் செய்யுங்க, பொறுமையா ஈங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அது நல்ல அறிவுரைதான். ஆனால் நான் அதைச் சொன்னதற்கான காரணம் நல்லதல்ல.

இரண்டு நாள் கழித்துக் கராஜ்காரர் தொலைபேசியில் அழைத்து, மெப் மாறிப்போனதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். இறால் ஹாஜியாருக்குச் சரியானதைப் போட்டுவிட்டாராம். என்னையும் காரைக் கொண்டுவரச் சொன்னார். தொலைபேசியை எடுத்தது என் மனைவி.

"அதானே பாத்தேன்," என்றாள். "நேத்து ஒங்களோட வரக்குள்ள முட்டைக் கூடைய மடியில வெச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து சேரக்குள்ள அது என்ட நெஞ்சில ஈக்கி. நாளைக்கே போய் மாத்துங்க."

"பாப்பம்."

"என்னத்தப் பாக்குற? நீங்க மௌத்தாப் போனா விதவைப் பென்ஷன் படிவத்த எனக்கு நிரப்பத் தெரியா. ஒங்களத்தான் கேக்கணும்."

எனக்கு வேறு வழியிருக்கவில்லை. நடைமுறையைத் துணைக்கு அழைத்தேன். இது அறிவிக்க வேண்டிய மாற்றமா இல்லையா என்று கொழும்பில் உள்ள தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் மறுபடி கை வைத்தால், ஒரு மாற்றம் இரண்டு மாற்றம் ஆகிவிடும் என்றேன். எழுதிக் கேட்கிறேன், அதுவரை இருப்பது இருக்கட்டும் என்றேன்.

"பதில் வந்தா?"

"பதில் வந்த அண்டைக்கே காரப் பாலாவிக்குக் கொண்டு போறேன்."

"வாக்கா?"

"வாக்கு."

கடிதம் எழுதுவதில் முப்பது வருட அனுபவம் முழுவதையும் கொட்டினேன். சிங்களத்தில் எழுதினால் இரண்டு வாரத்தில் பதில் வந்துவிடும் ஆபத்து இருந்தது. தமிழில் எழுதினேன். அது என் உரிமை. தமிழ்க் கடிதம் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போய், அவர் லீவில் இருப்பது தெரிந்து, மேசை மேசையாகத் திரும்பி வரும். இந்தத் தாமதத்தை எதிர்த்துச் சேவைக் காலம் முழுவதும் மனு எழுதியவன் நான். முதல் தடவையாக அதன் நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். ஒரு கேள்வியை மூன்றாகப் பிரித்தேன். ஒன்று பதிவுப் பிரிவுக்கு, ஒன்று பொறியியல் பிரிவுக்கு, புகைச் சோதனை பற்றியது இன்னொரு பிரிவுக்கு. கடிதக் கோவை மூன்று பிரிவையும் சுற்றி முடிப்பதற்குள் தலவிலத் தேவாலயத் திருவிழா இரண்டு தரம் வந்து போகும் என்று கணக்குப் போட்டுப் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

அதற்குப் பின் வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வலது கால் துடிக்கிறது. எங்கள் கற்பிட்டிப் பேக்கரிகளில் பாணே சுடாததுபோல் நுரைச்சோலைக்குப் போய்ப் பாண் வாங்கினேன். காற்றாலைகளின் பக்கம் காற்றை எதிர்த்து நாலாம் கியரில் வேகம் ஏறும்போது கார் உறுமுவதைக் கேட்க, கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். டீசல் விஷயத்தில் ஒரு உண்மையும் தெரிந்தது. தனியாகப் போனால் முன்பைவிடக் கூடக் குடித்தது. மனைவி பக்கத்தில் இருந்தால், அதே மெப்பில், முன்பைவிடக் குறைவாகக் குடித்தது. சிக்கனம் கணினிக்குள் இல்லை. அது முன் ஆசனத்தில் இடது பக்கம் உட்கார்ந்திருந்தது.

தபால்காரரைத் தெருமுனையிலேயே மறிப்பேன்.

"ஒங்களுக்கு ஒண்டுமில்ல ஹாஜியார்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"கடிதம் வரல்ல எண்டு அல்லாஹ்வப் புகழுற ஆள இப்பத்தான் காணுறேன்."

தலவிலத் திருவிழா ஒரு தரம் மட்டுமே வந்து போனது. அதற்குள் பதில் வந்துவிட்டது. அந்த அலுவலகத்துக்குத் தமிழ் தெரிந்த ஒருவரைப் புதிதாக நியமித்திருக்கிறார்கள் போலும். என் மூன்று கேள்விகளுக்கும் அதே ஒழுங்கில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் பதில். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் எதுவும் மாறாததால் அறிவிக்கத் தேவையில்லை. எஞ்சின் இலக்கம் அதுவேயானால் பரிசோதனை தேவையில்லை. வருடாந்தப் புகைச் சோதனையில் சித்தியடைந்தால் போதும். கடைசியில், தாமதத்துக்கு வருந்துவதாக ஒரு வரி. என் காலத்தில் யாரும் வருந்தியதில்லை.

கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

"பாருங்க, தேவையில்லையாம்! வெச்சிக்கலாம்!"

மனைவி கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டு, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"நல்ல தமிழ்," என்றாள். "ஆனா ஒங்கட வாக்கு, பதில் வந்த அண்டைக்கு எண்டுதானே? என்ன பதில் எண்டு நீங்க சொல்லல்லயே."

முப்பது வருடம் வசனங்களில் ஓட்டை பார்த்தவன் நான். கார்ச் சாவியைத் தேடி எடுத்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து காரில் ஏறிவிட்டாள்.

நுரைச்சோலைக்கு இப்பால் பஸ் முன்னால் போனது. நான் பின்னாலேயே மரியாதையாகப் போனேன்.

"என்ன, மையத்துப் பெட்டி தூக்குற மாதிரிப் போறீங்க?" என்றாள். "அந்தக் கண்டக்டர் என்ட வகுப்புல படிச்சவன். ஒருநாளும் வீட்டுப்பாடம் செஞ்சதில்ல. முந்துங்க."

முந்தினேன். அவள் யன்னலால் திரும்பிப் பார்த்துச் சின்னப் பிள்ளைபோல் கை காட்டினாள். அடுத்த பஸ்ஸையும் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். பாலாவிச் சந்தியில் கராஜ் வாசலில் காரை நிறுத்தியபோது எங்கள் இருவருக்கும் சிரித்து மூச்சு வாங்கியது. கராஜ்காரர் வயரைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பி வந்தார். மனைவி அவருக்குச் சலாம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாலாவிக்குக் கொண்டு போறேன் எண்டுதானே சொன்னீங்க? கொண்டு வந்துட்டீங்க. மாத்துறேன் எண்டு சொல்லல்லயே. திருப்புங்க வண்டிய, கற்பிட்டிக்குப் போற பஸ் வரப்போகுது, முந்தணும்."

நான் திருப்பினேன். பதிவுக்காகச் சொல்கிறேன், அன்று ஒக்டோபர் மாதம் பதினேழாம் திகதி.