உப்பு அத்தை சமைக்காத சூப்

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவளுக்கு ஊரில் என்ன பெரிய மரியாதை இருந்துவிடப் போகிறது? ஆனால் இவளுக்கு இருந்தது. காய்கறிக் கடையில் நின்றால் போதும், பின்னாலிருந்து யாராவது, "டோக்கன் அக்கா, இந்த வாரம் உப்பு அத்தை என்ன கூத்து பண்ணினாங்க?" என்று கேட்பார்கள். இவளுக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். அந்தச் சந்தோஷம்தான் பின்னால் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எல்லாம் ஒரு பஸ் டிரைவரில் ஆரம்பித்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கூடவே பற்களுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார். கடைசிப் பல்லையும் பிடுங்கிய அன்று, வாயில் பஞ்சோடு கவுண்டரில் வந்து நின்று, "இனிமே நான் என்னத்தம்மா திங்கிறது?" என்று அழாத குறையாகக் கேட்டார். பாவமாக இருந்தது. டோக்கன் சீட்டின் பின்பக்கம் பூசணிக்காய் சூப் செய்முறையை எழுதிக் கொடுத்தாள். அடுத்த வாரம் மனிதர் வந்து, பல்லே இல்லாமல் ஈயென்று சிரித்துவிட்டுப் போனார். அதைப் பார்த்த டாக்டரம்மா, "வாரா வாரம் இப்படி ஒண்ணு எழுதி சுவத்துல ஒட்டேன். என்ன சாப்பிடறதுன்னு என் உயிரை எடுக்கறாங்க" என்றார். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில், மீன் தொட்டிக்கு மேலே ஒரு தாள். தலைப்பு: 'மெல்லாமல் விழுங்க'.

செய்முறை யாருடையது? அங்கேதான் சங்கதி. இவள் வெந்நீர் வைத்தால் அதுவும் அடிப்பிடிக்கும். வீட்டில் அடுப்பை ஆண்டது அண்ணி. புருஷனின் அக்கா. சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள், இந்த வீட்டோடு இருப்பவள். விடிந்ததும் எழுந்து எல்லாருக்கும் சமைத்து வைத்துவிட்டு, பத்து மணி நேரம் நின்றபடி அடுத்தவர் சட்டைகளைத் தேய்க்கப் போவாள். அவள் டிபன் கட்டும்போது இவள் மெதுவாக, "அண்ணி, அந்த சூப்புக்கு வெங்காயத்தை வதக்கணுமா, அப்படியே போடணுமா?" என்று கேட்பாள். அண்ணியும், நாத்தனாரிடம் சமையல் கற்றுக்கொள்கிற ஒரே தம்பி பெண்டாட்டி உலகத்தில் இவள்தான் என்று பூரித்து, ஒன்றுக்கு ரெண்டாகச் சொல்லிக் கொடுப்பாள்.

முதல் நாலு தாளை யாரும் சீந்தவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு விபத்து. அண்ணிக்குக் காய்ச்சல் என்று இவள் அடுப்படியில் இறங்கி, போனில் பேசிக்கொண்டே சூப்புக்கு ரெண்டு தடவை உப்பைப் போட்டாள். ஒரு வாய் வைத்த புருஷன், "கடல்ல விழுந்துட்டனா?" என்று கேட்டுவிட்டு நாலு சொம்பு தண்ணீர் குடித்தான். இதை எழுதினால் சிரிப்பாக இருக்குமே என்று பேனாவை எடுத்தாள். ஆனால் சமையல் சொல்லித் தருகிறவளே உப்பை வாரிப் போட்டாள் என்றால் எவன் நம்புவான்? கை ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம், 'எங்கள் வீட்டுக்காரரின் அக்கா, பிள்ளைகளுக்கு அத்தை' என்று எழுதி, கீழே 'உப்பு அத்தை' என்று பட்டமும் சூட்டிவிட்டாள். அண்ணியின் பல் இரும்பு. ஜென்மத்துக்கும் பல் ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டாள். பேரா போட்டோம், ஊரா போட்டோம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

அன்றைக்குப் பிடித்தது அதிர்ஷ்டம். கன்னம் வீங்கினவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போனில் படம் எடுத்து அனுப்பினார்கள். முட்டையை அடுப்பில் மறந்து, தண்ணீர் வற்றி, அது வெடித்து விட்டத்தில் ஒட்டிக்கொண்டது ஒரு வாரம். சர்க்கரைக்குப் பதில் சோடா மாவைப் போட்டு பால் பொங்கி வழிந்தது இன்னொரு வாரம். அத்தனையும் இவள் செய்த அட்டூழியம். செய்முறை அண்ணியுடையது, பெயர் இவளுக்கு. அசட்டுத்தனம் இவளுடையது, பெயர் அண்ணிக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்!

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அண்ணியின் முட்டிகள் ஓடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக ஏற்றி வைப்பாள். ஒரு நாள் முகம் மலர வந்தாள்.

"குழந்தைங்க காப்பகத்துல சமையலுக்கு ஆள் கேக்கறாங்களாம்மா. நாப்பது பிள்ளைங்க. உக்காந்து காய் நறுக்கலாம், மூணு மணிக்கு வீடு. இது கெடச்சா என் காலு தப்பிச்சுக்கும்."

"உங்களுக்குக் கெடைக்காம யாருக்கு அண்ணி கெடைக்கும்!" என்றாள் இவள். மனசாரத்தான் சொன்னாள்.

அண்ணி நல்ல உடையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது, "யோசிச்சு சொல்றாங்களாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காப்பகத்து மேடம் பல்லுக்கு உறை போட ஆஸ்பத்திரிக்கு வந்தார். பாதி வாய் மரத்துப்போன நிலையிலும் கவுண்டரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"தெரியுமா சங்கதி? உங்க உப்பு அத்தை எங்கிட்டயே வேலை கேட்டு வந்தாங்க! உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்டேன். பல் ஆஸ்பத்திரில டோக்கன் குடுக்கறது என் தம்பி பொண்டாட்டிதான்னு அவங்களே பெருமையா சொன்னாங்க. நல்லவேளை, தப்பிச்சேன்! நாப்பது பிள்ளைங்க வாயில ரெண்டு தடவை உப்பு விழுந்திருந்தா என் கதி?"

அவர் சிரித்தார். இவளும் சிரித்தாள்.

ஆமாம், சிரித்தாள். "ஐயோ மேடம், அது நான்" என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் இவள் ஹிஹி என்று சிரித்து, அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். பாவி.

அன்று மதியம் அண்ணி கட்டிக் கொடுத்த டிபனைத் திறந்தாள். உருளைக்கிழங்கை இவளுக்குப் பிடித்த மாதிரி ஓரம் முறுகலாக வறுத்து வைத்திருந்தாள் அண்ணி. உப்பு கச்சிதம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவளோ உப்பிட்டவள் தலையிலேயே உப்பைக் கொட்டியிருந்தாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து எழுதினாள்: 'உப்பு அத்தை நான்தான். முட்டை வெடித்தது, பால் பொங்கியது எல்லாம் என்னால். இதுவரை எழுதிய நல்ல சமையல் முழுவதும் என் நாத்தனாருடையது. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' அதை மீன் தொட்டிக்கு மேலே ஒட்டினாள்.

பஸ் டிரைவர் புதுப் பல்செட்டோடு வந்து படித்தார். பல்செட் கழன்று கையில் விழும் அளவுக்குச் சிரித்தார். "இதாம்மா இருக்கறதுலயே டாப்பு!" கன்னத்தில் ஐஸ் வைத்திருந்த பெண்மணி, "நாத்தனாரை விட்டுக் குடுக்காம பழிய தான் ஏத்துக்கறாங்க பாருங்க. என்ன மனசு!" என்று கண்ணைத் துடைத்தாள். இவள் மேடத்துக்குப் போன் போட்டாள். "உங்க நல்ல மனசு புரியுதும்மா. ஆனா இது பிள்ளைங்க விஷயம்" என்று அவரும் வைத்துவிட்டார். ஒரு வருஷமாகப் பொய் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்ன அன்றைக்கு ஒருத்தரும் நம்பவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். மறுநாள் காலை, அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அண்ணி உரிப்பதை நிறுத்தவில்லை.

"வேலை கேட்டுப் போன அன்னைக்கே எனக்குத் தெரியும்மா. அந்த அம்மா போன்ல ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டினாங்க."

"அப்ப ஏன் அண்ணி, அது நான் இல்லைன்னு அங்கயே சொல்லல?"

"என்னன்னு சொல்றது? என் தம்பி பொண்டாட்டி பொய் எழுதியிருக்கான்னா? நாளைக்கு நீ அந்த ஆஸ்பத்திரி நாற்காலில உக்கார வேணாமா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இவள் எழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு அரை நாள் விடுப்பு சொன்னாள். ஒரு பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகக் காப்பகத்துக்குப் போனாள்.

"மேடம், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. உங்க கண் முன்னாடி சமைக்கறேன், பாருங்க."

மேடம் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இவளுக்கு அதுவரை எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. கத்தியைக் கையில் எடுத்ததும் ஒரு ரோஷம் வந்தது பாருங்கள்! வேண்டுமென்றே கெடுத்தால் அதுவும் ஒரு பொய்தானே. நம்மால் முடிந்ததை நன்றாகவே செய்வோம், ஆனது ஆகட்டும் என்று உண்மையாகவே முயன்றாள். வெங்காயத்தைப் பார்த்துப் பார்த்து வதக்கினாள், கருகியது. பூசணியைத் தேடினால் பாதி இன்னும் தோலோடு கிடந்தது. படபடப்பில் உப்பைப் போட்டாள். போட்டோமா இல்லையா என்று ஒரு சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கை போட்டாள். மேடத்துக்கு ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள்.

மேடம் ஒரு வாய் வைத்தார். புது உறை போட்ட பல் தெரிய முகத்தைச் சுளித்தார். எழுந்து போய்க் குழாயடியில் துப்பினார். திரும்பி வந்து, இவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அடக் கடவுளே. நிஜமாவே நீங்கதான்" என்றார். அப்போதே போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் இவள் வீட்டுக்குப் போனபோது அண்ணி அடுப்படியில் இருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து காப்பகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்களாம்.

"அங்க என்ன பண்ணினே?"

"பூசணிக்காய் சூப்பு, அண்ணி."

"உப்பு?"

"ரெண்டு தடவை."

"வேணும்னேயா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உங்களுக்காகத்தான் அண்ணி என்று சேர்த்தும் சொல்லியிருக்கலாம், கேட்க நன்றாகத்தான் இருந்திருக்கும். "இல்ல அண்ணி. நல்லா வரணும்னுதான் பண்ணினேன்" என்றாள்.

அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கரண்டியை வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஊரே சிரித்த உப்பு அத்தையைப் பார்த்து அண்ணி சிரித்தது அன்றுதான் முதல் தடவை. இவளும் சேர்ந்து சிரித்தாள். போச்சு, தீர்ந்தது என்று நெஞ்சு லேசானது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரில அந்த அம்மா என்னைச் சொல்லி சிரிச்சாங்களாமே. ஒரே சிரிப்புன்னு இப்ப போன்ல சொன்னாங்க. நீயும் சிரிச்சியா?"

இவள் வாயைத் திறந்தாள். ஒரு வருஷமாகத் தாள் தாளாகக் கதை கட்டிய வாய் அது. அன்றைக்கு ஒரு சொல்தான் வந்தது.

"சிரிச்சேன்."

அண்ணி இவளையே பார்த்தாள். அப்புறம் திரும்பி, தட்டை எடுத்து, ஓரம் முறுகலாக வறுத்த உருளைக்கிழங்கை அதில் வைத்து இவள் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடு" என்றாள்.