பக்கத்தை மூட வேண்டாம்

நம்புகிறவர்கள் நம்புங்கள். பேய் என்றாலே சிரிக்கிற ஆளாகத்தான் நானும் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும்.

கேஸ் அடுப்பு பழுதுபார்க்கும் கம்பெனியில் வெப்சைட்டைக் கவனிப்பது என் வேலை. அதில் ஒரு கேள்விப் பெட்டி உண்டு. என்ன கோளாறு என்று எழுதினால் ஏஐ பதில் சொல்லும். ஒரு நாளைக்கு இருநூறு பதில், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, அது மதியத்திலேயே தீர்ந்துபோனது. மறுநாளே பெட்டியை மூடிவைத்தோம்.

இப்போது மேனேஜர் மேடம் திறக்கச் சொன்னார். "எடுத்த எடுப்புல எல்லாருக்கும் தொறந்துடாதீங்க. மொதல்ல உங்களுக்கு மட்டும் தொறந்து பாருங்க."

அப்படியே செய்தேன். என் கணக்குக்கு மட்டும் அனுமதி. சோதனைக்கு மூன்றே பதில். ஏடாகூடமாக ஏதாவது நடந்தால் அழுத்த ஒரு நிறுத்தும் பொத்தான். ஆபீஸில் என்னைத் தவிர ஈ காக்கை இல்லை.

2:31க்குத் திறந்தேன். 'அடுப்பு பற்றவில்லை' என்று எழுதினேன். பதில் வந்தது. மிச்சம் இரண்டு. அப்பாடா என்று ஃபிளாஸ்க்கில் இருந்த டீயை ஊற்றிக்கொள்ளப் போனேன்.

திரும்பி வந்தபோது மணி 2:40. மிச்சம் ஒன்று...

நான் எதையும் தொடவில்லை. பதிவுகளைத் திறந்தேன். என் கணக்கிலிருந்தே ஒரு கேள்வி.

'கேஸ் நாத்தம் அடிக்குது. பக்கத்தை மூட வேண்டாம்னு போட்டிருக்கு. இன்னும் இருக்கணுமா?'

கீழே ஏஐயின் பதில். 'இருக்க வேண்டாம். உடனே வெளியே வந்துவிடுங்கள்.'

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தினேன். பெட்டி மூடிக்கொண்டது.

அப்போதுதான் மூக்கில் ஏறியது. கேஸ் வாடை. எங்கள் மாடியில் அடுப்பே கிடையாது.

2:43.

கிரீச்...

பக்கத்து நாற்காலி என் பக்கம் திரும்பியது.

மூடிய பெட்டியில் எழுத்துகள்.

'வந்துட்டேன். இப்ப எங்க போறது?'

மிச்சம்... பூஜ்யம்.

பதிலைப் படிக்க நான் நிற்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

திங்கட்கிழமை மேடத்திடம் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"உங்ககிட்ட சொல்லவேணாம்னு இருந்தேன். பதில் தீந்துபோச்சே, அந்த ஞாயித்துக்கெழமை... ஒரு கஸ்டமர் எறந்துட்டாங்க. தனியா இருந்த அம்மா. கேஸ் கசிவு. கதவை ஒடச்சப்ப போன் கையிலயே இருந்துச்சாம். நம்ம வெப்சைட் பக்கம் தொறந்தபடியே."

பதில் தீர்ந்தால் திரையில் என்ன காட்டுவது என்று நாங்கள் யாரும் யோசித்திருக்கவில்லை. அதனால் பதில் வரும்வரை காட்டும் வரியே திரையில் நின்றிருக்கிறது. 'உங்கள் பதில் தயாராகிறது. தயவுசெய்து பக்கத்தை மூட வேண்டாம்.' அதை எழுதிய பாவி நான்தான்.

பிறகு அந்தக் கடைசிப் பதிலைத் தேடிப் படித்தேன்.

'பயப்படாதீர்கள். தனியாக இருக்க வேண்டாம். அருகில் இருப்பவருடனேயே இருங்கள்.'

எங்கள் வீட்டில் மின்சார அடுப்புதான். ஆனாலும் நான் உள்ளே நுழைந்தாலே, "என்னங்க, கேஸ் வாடை வருதே" என்கிறாள் மனைவி.

போய்வாருங்கள் அம்மா என்று சொல்லத்தான் துடிக்கிறேன். அந்த அம்மா கேட்டால்தானே பதில் சொல்ல முடியும். அதற்குப் பிறகு அவர் எதுவுமே கேட்கவில்லை.