அழிக்காதேன்னு கோர்ட்டு சொன்ன பிறகு

காலேஜ்ல கம்ப்யூட்டர் பாத்துக்கிற வேலைன்னா, பிரிண்டர்ல பேப்பர் சிக்குனாலும் நீதேன், பிரின்சிபால் பாஸ்வேர்டை மறந்தாலும் நீதேன். இதே பொழப்புல மாட்டிக்கிட்டு முழிக்கிற சொந்தங்களே, உங்களுக்குத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

வாடிப்பட்டிப் பொண்ணு மாரீஸ்வரி, கெமிஸ்ட்ரி துறைத் தலைவர் தப்பா நடந்துக்கிட்டார்னு புகார் கொடுத்துச்சு. கொஞ்ச நாள்ல, பிராக்டிகல்ல பாஸான அதே பொண்ணு ஃபெயில்னு ரிசல்ட் வந்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. விசாரணை முடியிற வரைக்கும் மெயில், கேமரா, மார்க்கு எதையும் அழிக்கக் கூடாதுன்னு உத்தரவு. பாதுகாக்கிற பொறுப்பு என் தலையில. பழைய மார்க்கு போச்சுன்னா அந்தப் புள்ளையோட டிகிரியும் போச்சு.

ஸ்பைரல் பைண்டிங்

துறைத் தலைவர்கிட்ட, "மெயில் எதையும் தொடாதீங்க சார்"னு கும்பிட்டுச் சொல்லிட்டு வந்தேன். மறுநாள் கூப்பிட்டார். மேசை மேல தடியா ஒரு புத்தகம். மெயிலையெல்லாம் பிரிண்ட் போட்டு பைண்டிங் பண்ணிட்டு, கம்ப்யூட்டர்ல இருந்ததை மொத்தமா அழிச்சிருக்கார். புரட்டிப் பாத்தா அவருக்கு வந்த மெயில்தான் இருக்கு; அவர் எழுதுனது ஒண்ணுகூட இல்ல. டாக்டர் பட்டம் வாங்குன மனுசன் சாவகாசமாச் சொல்றார்: "அதான் பேப்பர்ல வந்துருச்சுல்ல தம்பி, அப்புறம் எதுக்கு ரெண்டு எடத்துல?"

வராண்டா கேமரா

கேமராப் பெட்டி இருக்கே, அது பழைய பதிவு மேலயே புதுசை எழுதிக்கிட்டே போகும். சும்மா விட்டா தானாவே அழிஞ்சிரும். அதனால துறைத் தலைவர் ரூமுக்கு முன்னாடி உள்ள வராண்டாப் பதிவு இருந்த டிஸ்கைக் கழட்டி சீல் வச்சுட்டேன். தாளாளருக்கு வந்துச்சே கோவம்! யாரைக் கேட்டுக் கழட்டுனேன்னு குதிச்சார். கோர்ட்டு உத்தரவை நீட்டுனேன். அதைக் கையால கூடத் தொடல. "கேமரா வச்சது புள்ளைகளைப் பாக்கத்தான்யா, நம்மளைப் பாக்கவா?"ன்னார்.

ஆயுத பூஜை

ஆயுத பூஜைக்கு எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டரையெல்லாம் தொடைச்சு, சந்தனம் குங்குமம் வைப்பாங்க. நான் அன்னைக்கு பழங்காநத்தத்துல வீட்ல இருந்தேன். லீவு முடிஞ்சு வந்து பரீட்சைப் பிரிவு கம்ப்யூட்டரைப் போட்டா, நெத்தி நிறைய குங்குமம், உள்ள ஒண்ணுமே இல்ல. ஃபார்மட்! அம்புட்டு மார்க்கும் காலி. பாவிகளா, ஒரு புள்ளையோட வாழ்க்கைய்யா அதுன்னு கத்திட்டேன். அந்தப் பிரிவு சூப்பிரண்டு பொரியைக் கொறிச்சுக்கிட்டே சொன்னார்: "பூஜைன்னா வெளிய மட்டும் தொடைச்சாப் போதுமா அண்ணே, உள்ளயும் சுத்தம் பண்ணணும்ல?"

நகல்

ஒண்ணு மட்டும் அவங்களுக்குத் தெரியல. உத்தரவு வந்த அன்னைக்கே பரீட்சைப் பிரிவு டிஸ்கை அப்படியே நகல் எடுத்து, கோர்ட்டு அனுப்புன வக்கீல்கிட்ட ஒப்படைச்சிருந்தேன். அதுல பழைய மார்க்கு இருந்துச்சு. புகாருக்கு அப்புறம் யாரோட லாகின்ல திருத்துனாங்கங்கிறதும் இருந்துச்சு. பாஸ்னு திருத்தி ரிசல்ட் போடச் சொல்லி உத்தரவாச்சு. மாரீஸ்வரி காலேஜ் வாசல்ல வந்து நின்னுச்சு. அழுவும்னு நெனச்சேன், அழல. "அண்ணே, நான் பாஸுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். மறைச்சவங்களுக்கும் தெரியும். இப்ப எங்க ஊருக்கும் தெரிஞ்சுபோச்சு, அது போதும்."

அடுத்த வாரமே என்னை ஆனையூர்ல இருக்கிற நிர்வாகத்தோட பள்ளிக்கூடத்துக்குத் தூக்கியடிச்சாங்க. அழிச்சவனுக்கு ஏசி ரூமு, அழியாமக் காத்தவனுக்கு ரெண்டு பஸ் மாறிப் போற வேலை, இதுதான்யா நம்ம தொழிலு.