இரண்டு கைகளிலும் கண்ணாடி

செய்தி வந்தபோது மணி மூன்றேகால். மருந்துக் கடையில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தை எப்படிக் குடிக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். போனில் கணவனின் அண்ணன்.

"ஏம்மா, உடனே ஆஸ்பத்திரிக்கு வா. தம்பிக்கு அடிபட்டிருக்கு. பார்க்காம ரோட்டுல இறங்கிட்டான்."

அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அழுகை பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் வந்தது, 'பார்க்காம' என்ற அந்தச் சொல்லின் மீது கோபம்.

பார்க்காமலா? அவனுக்குப் பார்க்கக் கண்ணை யார் விட்டார்கள்?

பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அண்ணனின் கண்ணாடிக் கடையில் அவன் கண்ணாடி அறுத்தான். சன்னலுக்கு, அலமாரிக்கு, முகம் பார்க்க என்று எதுவானாலும் அவன் கைதான். கடைத்தெருவில் அவனுக்கு வைத்த பெயர் அழுமூஞ்சி. எந்நேரமும் கண் சிவந்து நீர் வடியும்.

"என்னப்பா, காலையிலேயே பொண்டாட்டி அடிச்சுட்டாளா?" என்பார் எதிர்க்கடைக்காரர்.

"இல்லண்ணே. இன்னிக்கு அவளுக்கு லீவு" என்பான்.

சின்ன வயதில் வந்த கண்நோய் இமையின் உள்பக்கத்தில் தழும்பை விட்டுப் போயிருந்தது. தழும்பு இழுக்க இழுக்க இமை உள்ளே மடங்கியது. மயிரெல்லாம் விழியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. இமைக்கும்போதெல்லாம் விழியை உரசும். கண்ணை இமை காப்பதுபோல என்று ஊரே சொல்லும். அவனுக்கோ வேலியே பயிரை மேய்ந்தது.

சட்டைப் பையில் ஒரு சின்ன இடுக்கி வைத்திருப்பான். அறுத்துப் போட்ட கண்ணாடித் துண்டில் முகம் பார்த்து, குத்துகிற மயிரைப் பிடுங்குவான். நாலைந்து நாள் நிம்மதி. பிறகு சவரம் செய்த தாடி மாதிரி கட்டையாக முளைத்துக் குத்தும்.

ஒருமுறை அவள் கெஞ்சிக் கூத்தாடி டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். பெரிய இடத்துக்குப் போகிறோமே என்று முந்தின நாள் உட்கார்ந்து ஒரு மயிர் விடாமல் பிடுங்கி, கண்ணைச் சுத்தமாக்கிக்கொண்டு போனான் மகராசன். டாக்டர் அவசரமாக விளக்கடித்துப் பார்த்தார். குத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அண்ணனுக்குக் கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. "டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரு. அப்புறமென்ன?" அந்த ஒரு வார்த்தையில் வருஷங்கள் போயின. அதற்குள் விழியில் வெள்ளையாகப் படலம் விழத் தொடங்கிவிட்டது.

கடைசியில் அவளே வேறொரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். இமையைப் புரட்டிப் பார்த்ததுமே டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "பிடுங்கிப் பிரயோசனமில்ல. உள்பக்கம் சின்னதா வெட்டி, ஓரத்தை வெளியே திருப்பித் தையல் போடணும். ஒரு கண்ணு முடிஞ்சு இன்னொண்ணு. அதுவரைக்கும் இடுக்கியத் தொடவே கூடாது."

திரும்பும் வழியில் அவன் சொன்னான்: "பிரேம்தான் கோணல். நான் இத்தன வருஷமா கண்ணாடியப் போட்டுத் தொடச்சிருக்கேன் பாரு."

வலது கண் முடிந்தது. கட்டுப் பிரித்த அன்று அவளையே வெறித்துப் பார்த்தான்.

"என்ன அப்படிப் பார்க்கறீங்க?"

"உனக்கு எப்ப நரைச்சுது?"

"உங்க அண்ணன் கடைக்கு நீங்க போன அன்னிக்கு."

சிரித்தான். கண்ணைத் துடைக்காமல் அவன் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறேன், நம்ம வீட்டுல இருக்கறது ஒடஞ்ச கண்ணாடி. உனக்கு ஒண்ணு அறுக்கறேன் இரு" என்றான்.

இடது கண்ணுக்கு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். சொன்ன சொல் தவறாமல் இடுக்கியை அவளிடமே கொடுத்துவிட்டான். மயிர் நன்றாக வளர்ந்து குத்தியது. இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அப்போதுதான் அண்ணனுக்கு ஓட்டல் வேலை வந்தது. அறைக்கு அறை கண்ணாடி.

"ஒரு மயிருக்கு ரெண்டு தடவ லீவா? அடுத்த வாரம் போனா கண்ணு எங்கடா ஓடிப்போயிடும்?"

இந்த வாயில்லாப் பூச்சி தலையாட்டிவிட்டு வந்தது. அவள் கத்தினாள். "அப்ப பிடுங்கியாவது தொலைங்க!" என்று இடுக்கியைத் தூக்கிப் போட்டாள்.

"டாக்டரம்மா தொடக் கூடாதுன்னாங்க. முன்ன மாதிரி திருப்பி அனுப்பிட்டா? ஒரு வாரந்தானே" என்றான்.

அந்த வாரத்தில்தான், ஆளுயரக் கண்ணாடி ஒன்றை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு கடையிலிருந்து வண்டிக்குப் போகத் தெருவில் இறங்கினான். கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. இடது பக்கமிருந்து ஒரு வேன் பின்னோக்கி வந்தது.

ஆஸ்பத்திரி நடையில் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "எல்லாம் விதிம்மா."

"விதி மேல பழி போடாதீங்க அத்தான். வெள்ளிக்கிழமை வேணாம்னு சொன்னது விதி இல்ல, நீங்க."

"ஓட்டல்காரன் கழுத்தப் பிடிச்சான்மா. நான் என்ன பண்ண?"

"சரி. இதுவரைக்கும் போன கண்ணாடியெல்லாம் மாட்டிட்டாங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "இன்னும் இல்ல. சுவரு பூச்சு வேலையே முடியலயாம்."

அதற்குமேல் அவள் அவரிடம் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு, அவனுடைய சாமான்களை எடுத்துவரக் கடைக்குப் போனாள். அண்ணன் எழுந்து நின்றார். அவள் அவரைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். கண்ணாடி அறுக்கும் மேசைக்கடியில், பழைய போர்வையில் சுற்றி, அவள் முகம் பார்க்கிற அளவில் ஒரு கண்ணாடி இருந்தது. கை கிழியாதபடி ஓரங்களைத் தேய்த்து மழுக்கியிருந்தான், மூன்று பக்கம். இடது ஓரம் இன்னும் தேய்க்கவில்லை.